சரளைக் குழியும் சுங்க அதிகாரியும்

வடக்கு பிரான்சின் சுண்ணாம்பு மேடுகளுக்கு நடுவே சோம் ஆறு அவசரமில்லாமல் ஓடி ஆங்கிலக் கால்வாயில் கலக்கிறது. கடலுக்குச் சற்று முன்னால், கரையோரத்தில் அப்வில் என்றொரு ஊர். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் சரளைக் குழிகள். சாலைக்குச் சரளை, கோட்டைச் சுவருக்குச் சரளை, பிறகு ரயில் பாதைக்கும் சரளை. தோண்டுகிற ஆட்களின் மண்வெட்டியில் சில நாட்களில் விநோதமான சாமான்கள் தட்டும்: யானையின் கடைவாய்ப் பல், காண்டாமிருகத்தின் கால் எலும்பு. பிரான்சில் யானை ஏது என்று அவர்கள் திகைத்து நிற்கவில்லை. இதையெல்லாம் காசு கொடுத்து வாங்கிப் பாரிசுக்கு அனுப்பும் கனவான்கள் ஊரில் இருந்தது அவர்களுக்குத் தெரியும்.

எலும்போடு எலும்பாக இன்னொன்றும் வந்துகொண்டிருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு சிக்கிமுக்கிக் கல். இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்து, ஓரத்தை மெலிதாக்கி, ஒரு முனையைக் கூராகவும் மறுமுனையைப் பிடிக்க வாகாகப் பருமனாகவும் விட்டிருக்கும். ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் அமியான் நகரத்துக் குழிகளில் வேலை பார்த்தவர்கள் இதற்குப் ‘பூனை நாக்கு’ என்று பெயரே வைத்திருந்தார்கள். எலும்புக்கு விலை இருந்தது. பூனை நாக்குக்கு விலை இல்லை. கிடைத்த கல் சரளையோடு சரளையாகச் சாலைக்குப் போனது.

அதற்கும் காசு தருகிறேன் என்று சொன்னவர் அப்வில் சுங்க இலாகாவின் தலைமை அதிகாரி ழாக் பூஷே தெ பெர்த்.

1788-ல், புரட்சிக்கு ஓராண்டு முன்னால், ரெத்தெல் என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவும் சுங்க அதிகாரி. அதோடு தாவரவியலில் பெயர் பெற்றவர். மகன் பதின்வயதிலேயே அதே இலாகாவில் சேர்ந்து, நெப்போலியன் ஆட்சியில் இத்தாலியத் துறைமுகங்களில் வேலை பார்த்தார். 1825-ல் அப்பாவின் நாற்காலிக்கே அப்வில் திரும்பினார். அதன் பிறகு ஊரை விட்டு நிரந்தரமாகப் போகவில்லை. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் எழுத்து. நாடகம், கவிதை, பயணநூல், அரசியல் பொருளாதாரம் என்று கை வைக்காத துறை குறைவு. உயிர்கள் எப்படித் தோன்றிப் படிப்படியாக வளர்ந்தன என்பது பற்றி மட்டும் ஐந்து தொகுதிகள், 1838 முதல் 1841 வரை. அவற்றை இன்று யாரும் படிப்பதில்லை. அன்றும் அதிகம் பேர் படித்ததாகத் தெரியவில்லை. உள்ளூர் அறிவாளிகளின் சங்கம் ஒன்று இருந்தது, அதற்குப் பல்லாண்டு காலம் இவரே தலைவர். பாரிஸ் அறிஞர்களின் கண்ணில் இப்படிப்பட்டவர் யார் என்று சொல்லத் தேவையில்லை: வசதியுள்ள, ஓய்வு நிறைந்த, வாய் ஓயாத ஒரு சிற்றூர்ப் பிரமுகர்.

அந்தக் காலத்துப் படித்தவர்களிடம் மனிதனின் வயது என்ன என்று கேட்டால் பைபிள் கணக்கை ஒட்டிச் சுமார் 6,000 ஆண்டுகள் என்பார்கள். பூமி மிகப் பழையது என்பதை நிலவியலாளர்கள் அதற்குள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்; மாமூத் யானை என்றொரு விலங்கு இருந்து அழிந்ததையும் ஏற்றார்கள். மனிதனை மட்டும் அந்தப் பழைய உலகத்துக்குள் விடவில்லை. அந்தக் கதவின் காவலாளி ஜார்ஜ் கூவியே. ஒற்றை எலும்பை வைத்து முழு விலங்கையும் சொல்லக்கூடிய மேதை. மாமூத்தோடு கிடைத்ததாக வந்த மனித எலும்புகளையெல்லாம் பரிசோதித்துவிட்டு, நம்பத்தக்க சான்று ஒன்றுகூட இல்லை என்றார். கையிலிருந்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் அது நியாயமான தீர்ப்புதான். 1832-ல் அவர் இறந்த பிறகு சீடர்கள் அதையே சட்டமாக்கிவிட்டார்கள். சான்று இதுவரை கிடைக்கவில்லை என்று ஆசான் சொன்னது, இனி கிடைக்கவே கிடைக்காது என்றாகிவிட்டது.

பூஷே தெ பெர்த்துக்கு மண்ணைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஊரில் இருந்த ஓர் இளம் மருத்துவர், காஸிமிர் பிகார். சோம் பள்ளத்தாக்கின் அடியில், மக்கிய செடிகொடிகள் இறுகிக் கறுத்த கரிச்சேறு தடிமனாகப் படிந்திருக்கிறது. அதை வெட்டிக் காயவைத்து எரிபொருளாக விற்பார்கள். அதற்குள் மெருகேற்றிய கற்கோடரிகளும், கோடரியைச் செருகும் மான்கொம்புப் பிடிகளும் கிடைத்தன. பிகார் பொருளை மட்டும் பார்க்கவில்லை. எந்த ஆழத்தில், எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று எழுதிவைத்தார். 1841-ல் முப்பத்தைந்து வயதுகூடத் தாண்டாமல் இறந்துபோனார். அவர் விட்ட இடத்திலிருந்து இவர் தொடங்கினார். பிகாரின் பெயர் பிறகு அதிகம் பேசப்படவில்லை. அது ஓர் அநியாயம்.

அந்தக் கரிச்சேற்றை வைத்து பூஷே தெ பெர்த் போட்ட ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. சேற்றின் நடுவே ரோமானியர் காலத்துத் தட்டையான, அகலமான மண்தட்டுகள் கிடையாகப் படுத்திருந்தன. ஒரு கோடரியோ நாணயமோ சேற்றில் மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடலாம். அது கிடக்கும் ஆழத்தை நம்ப முடியாது. அகலமான தட்டு அப்படி இறங்காது. அது எங்கே கிடக்கிறதோ அதுதான் ரோமானியர் நடந்த தரை. அப்படியானால் தட்டுக்கு மேலே இருக்கும் சேறு முழுக்க அதற்குப் பிறகு வளர்ந்தது. தடிமனை அளந்து நூற்றாண்டுகளால் வகுத்தார். நூறு ஆண்டுக்கு மூன்று சென்டிமீட்டர் என்று வந்தது. கரிச்சேற்றின் மொத்த ஆழம் சில இடங்களில் முப்பது அடி. பெருக்கிப் பார்த்தால் முப்பதாயிரம் ஆண்டு! ஆங்கில நிலவியலாளர் சார்லஸ் லயல் பின்னாளில் இந்தக் கணக்கைத் தம் நூலில் எடுத்துச் சொல்லிவிட்டு, இவ்வளவு காலம் என்றால் தயங்கத்தான் வேண்டும் என்றார். தயங்கியது சரி. கரிச்சேறு எல்லாக் காலத்திலும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. சோம் பள்ளத்தாக்கின் கரிச்சேறு கடைசிப் பனியுகத்துக்குப் பிறகு வந்தது என்று இன்று தெரியும். விடை தப்பு, ஆனால் ஒரு தட்டைக் கடிகாரமாக்கிய யோசனை பிரமாதம். இந்த மனிதரின் வாழ்க்கை முழுக்க இப்படித்தான்.

கரிச்சேறு பள்ளத்தாக்கின் அடியில். பூனை நாக்குகள் கிடந்ததோ மேட்டுச் சரளையில். இந்த வேறுபாடுதான் விஷயமே.

ஆறு தன் படுக்கையை அறுத்துக்கொண்டே கீழே போகிறது. குளிர் யுகங்களில் உடைந்த கல்லையும் சிக்கிமுக்கியையும் அள்ளிக் கொண்டுவந்து அகலமாகப் பரப்பும். பிறகு மறுபடி அறுக்கும். பழைய சரளைப் படுகையின் ஒரு துண்டு ஓரத்தில் திட்டாக உயரத்திலேயே நின்றுவிடும். அடுத்த குளிர் யுகத்தில் இன்னும் கீழே ஒரு புதிய படுகை. கோடையில் நீர் வற்றிய கோயில் குளத்தின் படிகள் மாதிரி பள்ளத்தாக்கின் ஓரத்தில் திட்டுகள் வரிசையாக நிற்கும். மேலே இருக்கும் படி மிகப் பழையது, கீழே இருப்பது புதியது. சோம் பள்ளத்தாக்கில் இப்படிப் பத்துப் படிகள் உண்டு. அவற்றைச் செதுக்க ஆற்றுக்குச் சுமார் பத்து லட்சம் ஆண்டுகள் பிடித்தன என்பது இன்றைய கணக்கு. பூஷே தெ பெர்த்துக்கு இந்தக் கணக்கு தெரியாது. மேட்டுச் சரளை நோவா காலத்துப் பெருவெள்ளம் போன்ற ஏதோ ஒரு பிரளயத்தின் வண்டல் என்று அவர் நம்பினார். ஆனால் அது ஆற்றின் இன்றைய கரையை விட எத்தனையோ மடங்கு பழையது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. மாமூத்தும் காண்டாமிருகமும் அங்கேதானே கிடக்கின்றன!

ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வயதைச் சொல்ல முடியாது. சிக்கிமுக்கி உருவானது டைனோசர் காலத்துக் கடலடிச் சுண்ணாம்பில். அதை ஒருவன் உடைத்தது போன வாரமா, போன யுகமா என்று கல் சொல்லாது. அது படுத்திருந்த அடுக்குதான் ஒரே சாட்சி. மேலே உள்ள மண்ணும் மணலும் களிமண்ணும் கோடு கலையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால், அடியில் கிடக்கும் கல் அவை எல்லாவற்றுக்கும் முன்னால் அங்கே வந்தது. நடுவில் யாராவது குழி தோண்டிப் போட்டிருந்தால் கோடு கலைந்திருக்கும். ஊருக்குப் பக்கத்து மான்ஷ்கூர் மணல்குழியிலும், 1840களின் நடுவில் அப்வில் மருத்துவமனைக்கு அஸ்திவாரம் தோண்டிய இடத்திலும் பூஷே தெ பெர்த் இதைத்தான் பார்த்தார். குலையாத அடுக்கு. அதில் யானை எலும்பு. அதே அடுக்கில் சீவிய கல்.

‘கெல்ட்டிய, பிரளயத்துக்கு முந்தைய தொல்பொருள்கள்’ என்ற அவருடைய நூலின் முதல் தொகுதி 1847-ல் அச்சாகி 1849-ல் வெளிவந்தது. 80 படப்பக்கங்கள், 1,600 உருவங்கள். மண் அடுக்குகளின் குறுக்குவெட்டுப் படங்களும் உண்டு. அறிவியல் உலகம் சிரித்தது.

சிரித்தவர்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். நல்ல சான்றை அவரே தம் கையால் குப்பையில் புதைத்து வைத்திருந்தார். சிக்கிமுக்கிக் கட்டிகள் இயற்கையாகவே விநோத உருவங்களில் கிடைக்கும். ஒன்றில் பறவைத் தலை தெரியும், ஒன்றில் மனித முகம், ஒன்றில் கரடி. அவையெல்லாம் ஆதிமனிதன் செதுக்கிய சிற்பங்கள் என்று அவர் நம்பினார். கோடரிகளுக்குக் கொடுத்த அதே மரியாதையோடு நூலில் வரைந்து போட்டார். படத்தைப் புரட்டும் நிபுணருக்கு முதலில் கண்ணில் படுவது இந்தப் பொம்மைகள். போதாததற்கு அவருடைய கோட்பாடு வேறு: பிரளயத்துக்கு முந்தைய மனித இனம் அடியோடு அழிந்தது, நாம் அதன் வாரிசுகள் அல்ல, மறுபடி புதிதாகப் படைக்கப்பட்டவர்கள் என்றார். இங்கிலாந்தில் இந்த நூலைப் பார்த்தவர்களில் சார்லஸ் டார்வினும் ஒருவர். அத்தனையும் குப்பை என்று அன்று முடிவுகட்டிவிட்டதற்காக இப்போது வெட்கப்படுகிறேன் என்று 1863-ல் லயலுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். பனியாறுகளின் பழங்கால ஆட்சியை அகஸ்ஸி நிறுவியது போல மனிதன் விஷயத்தில் இவர் செய்திருக்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டார்.

முதலில் மனம் மாறியவர் ஓர் எதிரி. அமியானில் மருத்துவராக இருந்த ரிகொலோ, பூஷே தெ பெர்த் சொன்னதைப் பல ஆண்டுகள் மறுத்துவந்தவர். தம் ஊருக்குப் பக்கத்தில் சேன்ட் அச்சூல் சரளைக் குழிகளில் அதே மாதிரிக் கற்கள் வருவதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். கட்சி மாறினார். 1854-ல் அதை நேர்மையாக எழுதி வெளியிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தும் போனார். பாரிஸ் அசையவில்லை.

விஷயத்தை நகர்த்தியது இங்கிலாந்திலிருந்த ஒரு குகை. டெவன் கடற்கரையில் பிரிக்ஸ்ஹம் என்ற ஊரில் 1858-ல் ஒரு புதிய குகை வெளிப்பட்டது. அதற்கு முன் பல குகைகளில் கல் ஆயுதமும் அழிந்த விலங்கின் எலும்பும் சேர்ந்து கிடைத்ததுண்டு. பிற்காலத்தார் தோண்டிக் கலந்துவிட்டார்கள் என்று ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டிருந்தார்கள். இந்த முறை ஒரு குழு அமைத்து, அடுக்கு அடுக்காகத் தோண்டினார்கள். கூரையிலிருந்து சொட்டிய சுண்ணாம்பு நீர் உறைந்து தரையில் கல் பாயாக மூடியிருந்தது. அந்தப் பாய்க்குக் கீழே, விலங்கு எலும்புகளோடு மனிதன் சீவிய கற்கள். மூடியை யாரும் உடைத்திருக்கவில்லை.

அந்தக் குழுவின் மூளை ஹியூ ஃபால்கனர். ஸ்காட்லாந்துக்காரர், இந்தியாவில் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் இருந்து, சிவாலிக் மலைகளில் புதையுண்ட யானைகளையும் ராட்சத ஆமைகளையும் தோண்டி எடுத்து உலகப்புகழ் பெற்றவர். கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பை 1855-ல் விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தார். 1858 நவம்பரில் சிசிலிக்குப் போகும் வழியில் அப்வில்லில் இறங்கினார். பூஷே தெ பெர்த்தின் வீடே ஓர் அருங்காட்சியகம். சுவரெங்கும் கற்கள், எலும்புகள், பழைய மரச்சாமான்கள், ஓவியங்கள். அத்தனை குவியலில் எது பொம்மை, எது கோடரி என்று பிரித்தறியும் கண் ஃபால்கனருக்கு இருந்தது. உடனே லண்டனிலிருந்த நண்பர் ஜோசப் பிரெஸ்ட்விச்சுக்கு எழுதினார்: நீங்கள் வந்து பார்த்தே ஆகவேண்டும்.

பிரெஸ்ட்விச் தொழிலால் ஒயின் வியாபாரி, மனத்தால் நிலவியலாளர். சரளை அடுக்குகளை அவரைப்போல அறிந்தவர் அன்று சிலரே. 1859 ஏப்ரலில் வந்தார். கூடவே ஜான் எவான்ஸ், காகித ஆலைக்காரர். பழங்காசுகளிலும் கற்கோடரிகளிலும் நிபுணர். சுங்க அதிகாரி, ஒயின் வியாபாரி, காகித ஆலைக்காரர். மனித குலத்தின் வயதைத் திருத்தி எழுதிய இந்த மூவரில் சம்பளத்துக்கு அறிவியல் செய்தவர் ஒருவர்கூட இல்லை!

பூஷே தெ பெர்த்தின் சேகரிப்பைப் பார்த்து மகிழ அவர்கள் வரவில்லை. அடுக்குக்குள் இருக்கும் கல்லைத் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அமியானிலிருந்து தந்தி வந்தது: சேன்ட் அச்சூல் குழியில் ஒரு கோடரி வெளிப்பட்டிருக்கிறது, யாரும் தொடவில்லை. இருவரும் ரயிலேறினார்கள். ஏப்ரல் 27 அன்று, புகைப்படக்காரர் ஒருவரைக் குழிக்கு அழைத்துவந்து படம் எடுக்கச் சொன்னார்கள். படத்தில் செங்குத்தான சரளைச் சுவர். ஒரு தொழிலாளி கையை நீட்டி அதில் ஓரிடத்தைச் சுட்டுகிறார். அவர் விரலுக்கு நேரே, கற்களுக்கு நடுவில், கோடரியின் ஓரம் மட்டும் துருத்திக்கொண்டிருக்கிறது. இது இந்த அடுக்குக்கு உரியது, யாரும் செருகியதல்ல என்று உலகத்துக்குக் காட்டத் தொல்லியலில் கேமரா பயன்பட்ட மிக முற்பட்ட தருணங்களில் ஒன்று. படத்தில் இருக்கும் அந்தக் கோடரி பிறகு காணாமல் போனது. 150 ஆண்டுகள் கழித்து 2009-ல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், பழைய பெயர்ச்சீட்டு ஒட்டியபடி, கிளைவ் கேம்பிளும் ராபர்ட் க்ரூஸின்ஸ்கியும் அதைக் கண்டுபிடித்தார்கள்.

பிரெஸ்ட்விச் அதே ஆண்டு மே 26 அன்று லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். எவான்ஸ் ஜூன் 2 அன்று தொல்பொருள் அறிஞர் கழகத்தில் பேசினார். அந்தக் கழகத்தின் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்த எவான்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோம் கரையிலிருந்து கொண்டுவந்த அதே வடிவத்தில் கோடரிகள் அங்கே பல பத்தாண்டுகளாகக் கிடந்தன! 1797-ல் ஜான் ஃப்ரேர் என்ற நிலக்கிழார் சஃபோக்கிலுள்ள ஹாக்ஸன் என்ற ஊரிலிருந்து, உலோகம் அறியாத மிக மிகப் பழைய மக்களின் ஆயுதங்கள் இவை என்று கடிதத்தோடு அனுப்பியவை. 1800-ல் அந்தக் கடிதம் அச்சாகியும் இருந்தது. யாரும் மறுக்கவில்லை, சிரிக்கவில்லை; படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டார்கள். பூஷே தெ பெர்த்துக்குக் கிடைத்த கேலியைவிட இது எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. லயல் தாமே சோம் குழிகளைப் பார்த்துவிட்டு, செப்டம்பரில் அபர்டீன் மாநாட்டில் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டார். பிரெஞ்சு நிலவியலாளர் ஆல்பர் கோத்ரி சேன்ட் அச்சூலில் தொழிலாளிகளை விட்டு ஒரு கணமும் நகராமல் நின்று ஒன்பது கோடரிகளை எடுத்தார். நவம்பரில் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது. அதில் மனிதனைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்த ஒரே ஆண்டில் மனிதனுக்கு அளவில்லாத கடந்தகாலம் கிடைத்துவிட்டது. எழுபது வயது தாண்டிய பூஷே தெ பெர்த் பிரெஞ்சு அறிஞர்கள் தேடி வரும் ஆளானார்.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும்.

கோடரி இருக்கிறது, அதைச் செய்தவன் எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவருக்கும் அதே ஏக்கம். மனித எலும்பை முதலில் கொண்டுவரும் தொழிலாளிக்கு 200 ஃப்ராங்க் பரிசு என்று அறிவித்தார். அன்றாடக் கூலிக்குச் சரளை அள்ளுகிறவனுக்கு அது பல வாரச் சம்பாத்தியம். 1863 மார்ச் 28 அன்று, ஊருக்கு வெளியே மூலான் கின்யோன் குழியில், கறுத்த அடுக்கிலிருந்து ஒரு மனிதக் கீழ்த்தாடை வெளிவந்தது. அவர் கையாலேயே எடுத்தார். பாரிஸ் மானுடவியல் பேராசிரியர் காத்ரஃபாஜ் பரவசமடைந்தார்.

லண்டனில் எவான்ஸும் ஃபால்கனரும் முகம் சுளித்தார்கள். தாடையோடு வந்த கோடரிகளே அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பது சொல்ல வேண்டிய விஷயம். சிக்கிமுக்கியைப் புதிதாக உடைத்தால் உள்ளே கறுப்பாக, மங்கலாக இருக்கும்; ஓரம் கையைக் கிழிக்கும். அதே கல் நெடுங்காலம் சரளைக்குள் கிடந்தால் மேல்பரப்பின் தன்மையே மாறிவிடுகிறது. நிலத்தடி நீர் அதன் நுண்துளைகளில் புகுந்து வெளுக்கச் செய்கிறது. இரும்பு கலந்த மண்ணில் தேன் நிறம் ஏறுகிறது. எண்ணெய் தடவியது போல ஒரு பளபளப்பு வருகிறது. சில கற்களில் மாங்கனீசு படிந்து சிறு சிறு பெரணிச் செடி வரைந்தாற்போலக் கறுப்புக் கிளைகள் விரிகின்றன. கூர்முனைகள் லேசாக மழுங்குகின்றன. இதில் எதையும் ஒரு சுத்தியலால் ஒரு பிற்பகலில் செய்துவிட முடியாது. மூலான் கின்யோன் கோடரிகளைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்தபோது களிமண் பூச்சு கழன்று, அடியில் நேற்று உடைத்த மாதிரியான கல் பல்லைக் காட்டியது. கிடைத்த பல் ஒன்றை லண்டனில் அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே புத்தம் புதிதாக இருந்தது.

மே மாதம் இரு நாட்டு அறிஞர்களும் சேர்ந்து விசாரணைக் குழுவாகப் பாரிசில் கூடிச் சண்டை போட்டு, அப்வில்லுக்கே போய்க் குழியைத் தோண்டவும் செய்தார்கள். கண் முன்னே கோடரிகள் வந்தன. பெரும்பான்மைத் தீர்ப்பு, தாடை உண்மையானது. எவான்ஸ் விடவில்லை. அடுத்த மாதம் ஹென்றி கீப்பிங் என்ற அனுபவமுள்ள புதைபடிவ வேட்டைக்காரரை அனுப்பினார். சில நாட்கள் தொழிலாளிகளோடு தோண்டிய அவர், அடுக்குக்குள் கோடரிகள் செருகப்படுவதைப் புரிந்துகொண்டார். பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை. முதலாளி வரும் முன் குத்திவைத்து, முதலாளி வந்ததும் தோண்டி எடுப்பது. தாடையைப் பழையது என்று இன்று யாரும் சொல்வதில்லை.

கல்லுடைக்கும் கலை அந்த ஆட்களுக்கு எப்படிக் கைவந்தது என்று வியக்க வேண்டாம். இருபது ஆண்டுகளாக அசல் கோடரிகளைப் பொறுக்கி எடுத்தவர்கள் அவர்கள். எது விலை போகும், எந்த வடிவத்துக்கு ஐயா கண் விரியும் என்பது அவர்களை விட யாருக்குத் தெரியும்? பூஷே தெ பெர்த்தின் காசு இல்லாவிட்டால் அசலும் சாலைக்குப் போயிருக்கும். அதே காசுதான் போலியையும் பிறப்பித்தது. அவர் கடைசிவரை தாடையை நம்பினார்.

விசாரணைக் குழு அப்வில்லில் குழியைச் சுற்றி நின்று வாதாடிய அதே மே மாதத்தின் 30ஆம் தேதி. சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில், ராணுவ மைதானத்தை ஒட்டிய சரளைப் பள்ளம் ஒன்றில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் இளம் அதிகாரி ராபர்ட் புரூஸ் ஃபுட் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். செம்பூரான் சரளையில் கிடந்த குவார்ட்சைட் கோடரி. சோம் கரையில் நடந்தவற்றைப் படித்திருந்த அவருக்கு, கையில் இருப்பது என்ன என்பதில் சந்தேகம் வரவில்லை. அதே வடிவம், வேறு கல். செப்டம்பரில் சக அதிகாரி வில்லியம் கிங்குடன் கொற்றலை ஆற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கத்தைக் கண்டார். பின்னாளில் சாந்தி பப்புவின் குழு அங்கே நிலத்தை அடுக்கடுக்காகத் திறந்து, 2011-ல் வெளியிட்ட முடிவின்படி, அந்த ஊரின் மிகப் பழைய கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது. சேன்ட் அச்சூலின் பெயரால் கப்ரியேல் தெ மோர்தியே சூட்டிய ‘அச்சூலியன்’ என்ற பெயரைத்தான் அத்திரம்பாக்கத்துக் கோடரியும் சுமக்கிறது. வயதில் அத்திரம்பாக்கம் சேன்ட் அச்சூலுக்கு எவ்வளவோ மூத்தது. பெயர் வைத்த வரிசையில் மட்டும் பிந்தியது.

பூஷே தெ பெர்த் தம் சேகரிப்பின் பெரும்பகுதியைப் பாரிசுக்கு அருகே சேன் ஜெர்மானில் மூன்றாம் நெப்போலியன் நிறுவிய தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 1868 ஆகஸ்டில் அப்வில்லில் இறந்தார். அருங்காட்சியகமாக மாறியிருந்த அவருடைய வீடு 1940 மே மாதத்தில் ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்துபோனது.

மூலான் கின்யோன் என்ற பெயர் தாடையோடு சேர்ந்து கெட்டுப்போனது. மோசடி நடந்த இடம் என்று ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, பியேர் ஆந்துவான், மரி-எலேன் மோன்செல் முதலானோரின் குழு, நகரத்துக்குள் அகப்பட்டுவிட்ட அந்தப் பழைய குழியின் எஞ்சிய ஓரத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தோண்டியது. சரளையின் அடியிலிருந்து மனிதன் சீவிய 260-க்கும் மேற்பட்ட சிக்கிமுக்கித் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் ஐந்து கைக்கோடரிகள். வயது காண குவார்ட்ஸ் மணலைப் பயன்படுத்தினார்கள். வெயில் பட்டபோது மணலின் கடிகாரம் ஏறக்குறையச் சுழியமாகிவிடும். புதைந்த பிறகு சுற்றுமண்ணின் கதிரியக்கம் படிகத்துக்குள் எலெக்ட்ரான்களைச் சிறைப்படுத்திக்கொண்டே போகும். எத்தனை சிக்கியிருக்கின்றன என்று அளந்தால் இருட்டில் கிடந்த காலம் தெரியும். 2019-ல் முடிவு வெளிவந்தது: சுமார் 6,50,000 ஆண்டுகள். வடமேற்கு ஐரோப்பாவில் கைக்கோடரி செய்தவர்களின் மிகப் பழைய தடங்களில் ஒன்று.

ஆக 1863-ல் அந்தத் தொழிலாளிகள் போலிக் கோடரியைச் செருகிவைத்த அதே சரளையில் அசலும் இருந்தது, இன்னும் கொஞ்சம் தோண்டியிருந்தால் போதும். பழைய சேகரிப்புகளில் மூலான் கின்யோன் என்ற சீட்டோடு ஒதுங்கிக் கிடந்த கற்களை இப்போது மறுபடி வெளியே எடுத்து, நிறத்தையும் பளபளப்பையும் ஓரத்தையும் பார்த்து, ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.